எட்டாவது கன்று

சோத்னோமை வந்த முதல் வாரமே எல்லோருக்கும் பிடித்துப்போனதற்குக் காரணம் அவன் அல்ல, ஒரு மாடு.

பல்கலைக்கழகப் பண்ணையில் யார் கிட்டே போனாலும் பின்னங்காலைத் தூக்குகிற கறுப்பு வெள்ளை மாடு அது. காதில் மஞ்சள் வில்லை, வில்லையில் ஓர் எண், அந்த எண்தான் பெயர். இகராஷி என்ற இளநிலை மாணவன் அதனிடம் இரண்டு உதை வாங்கிவிட்டு, மூன்றாவதற்கு மனமில்லாமல் கறவைக் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். சோத்னோம் போய் மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்தான். அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல் எழுப்பினான். மங்கோலியாவில் அவன் அம்மா, கன்றைச் சேர்க்க மறுக்கும் மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து விடாமல் எழுப்புகிற ஒலி. மாடு காதை ஆட்டியது. பெருமூச்சு விட்டது. காலைத் தரையில் வைத்தது.

"டேய், இவன் செங்கிஸ்கான் பேரன்டா!" என்று கத்தினான் இகராஷி.

அந்த வெள்ளிக்கிழமை வரவேற்பு விருந்து. இரும்புச் சட்டியில் ஆட்டுக்கறி வாட்டினார்கள். ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்காய்டோவில் அந்தக் கறிக்குப் பெயரே செங்கிஸ்கான்.

"உங்க தாத்தாவத்தான் வாட்டறோம். கோச்சுக்காதே," என்றான் இகராஷி.

"எங்க தாத்தா இவ்வளவு மெல்லிசா இருக்க மாட்டார்," என்றான் சோத்னோம். மனப்பாடம் செய்யாமல் ஜப்பானிய மொழியில் அவன் அடித்த முதல் நகைச்சுவை. மேசையே அதிர்ந்தது.

எல்லோரும் சென்செய் என்று அழைக்கும் பேராசிரியர் ஹயசாக்கா பியர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நமக்கெல்லாம் மாடுன்னா என்னன்னு தெரியறதுக்கு முன்னாடியே இவனோட ஜனங்க மாட்டோட வாழ்ந்தவங்க. இவன்கிட்டதான் நாம கத்துக்கணும்." எல்லோரும் கைதட்டினார்கள். சோத்னோம் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. அது அப்புறம் லேசில் கீழே இறங்கவில்லை.

அவன் பிறந்தது மங்கோலியாவின் அர்ஹங்காய் மாநிலத்தில், ஆற்றோரக் கூடாரமொன்றில். பனிக்காலத்தில் பிறந்த கன்றுகளும் ஆட்டுக்குட்டிகளும் அடுப்போரத்தில் அவனோடுதான் படுத்திருக்கும். காலையில் கண் விழிக்கும்போது ஏதாவது ஒன்று அவன் காதைச் சப்பிக்கொண்டிருக்கும். தலைநகரில் கால்நடை மருத்துவம் படித்தான். உதவித்தொகை கிடைத்தது. ஓராண்டு மொழிப்பள்ளியில் ஜப்பானிய எழுத்துகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஹொக்காய்டோவின் தொக்காச்சிச் சமவெளிக்கு வந்து சேர்ந்தான். வெளிநாட்டு மாணவர் விடுதியும் மாட்டுக் கொட்டிலும் ஒரே வேலிக்குள். ஜன்னலைத் திறந்தால் சாண வாசனை வரும். மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள், அவன் திறந்து வைப்பான்.

"அங்க கன்னுக்கு எத்தன காம்பு விடறாங்க?" என்று தொலைபேசியில் கேட்டாள் அம்மா.

"ஒண்ணும் விடறதில்லம்மா. பொறந்ததும் பிரிச்சிடுவாங்க. பாட்டில்லதான் பால்."

"தாய்கிட்டயே விடறதில்லையா?"

"இல்ல."

"அந்த மாடெல்லாம் எப்படித் தூங்குது?" என்றாள்.



ஆய்வுக்கூடத்தில் வெளிநாட்டு மாணவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு மூத்த மாணவரைப் பொறுப்பாகப் போடுவார்கள். சோத்னோமுக்கு வாய்த்தவள் குராமோச்சி. முதுகலை இரண்டாம் ஆண்டு. குஷிரோ துறைமுக நகரில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள். பல்கலைக்கழகம் வரும்வரை மாட்டைத் தொட்டதே இல்லை. கிருமிநாசினியில் தோய்ந்து தோய்ந்து அவள் விரல் மூட்டுகள் குளிர்காலம் முழுக்கச் சிவந்து வெடித்திருக்கும். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டாள், பக்கத்தில் நிற்கும் மாட்டைப் பார்த்துத்தான் பேசுவாள். முதல் நாள் அப்படி ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்:

"சோத்னோம் குன், பூட்ஸ் கழுவறது, சுண்ணாம்புத் தண்ணியில கால் வெக்கறது எல்லாம் செவத்துல எழுதியிருக்கு, படிச்சுக்கோ. எழுதாதது ஒண்ணுதான். எது நடந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு. நல்லதோ கெட்டதோ. சென்செய்கிட்ட நான் எடுத்துட்டுப் போறேன்."

"நேரா சென்செய்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். ஆனா எங்கிட்ட சொல்லு."

மூத்தவளின் மிடுக்கு என்று அவன் எடுத்துக்கொண்டான். இந்த ஊரில் மூத்தவர்களுக்கு உள்ள மரியாதை தெரிந்ததுதானே. சரி என்று தலையசைத்தான். பிறகு மறந்தும்போனான்.

குராமோச்சியின் ஆய்வு சீம்பால் பற்றியது. கன்று பிறந்ததும், தாயிடம் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதற்குள் அதைப் பிரித்துவிட வேண்டும். உறையவைத்து எடுத்து இதமாய்ச் சூடாக்கிய சீம்பாலை அளந்து பாட்டிலில் கொடுக்க வேண்டும். பிறகு ரத்தம் எடுத்து, நோயைத் தடுக்கும் சத்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எட்டுக் கன்றுகள் தேவை, ஏழு முடிந்திருந்தன. எட்டாவது ஜனவரியில் பிறந்துவிட்டால் ஆய்வேட்டை முடித்து மார்ச்சில் பட்டம் வாங்கிவிடலாம். நெமுரோப் பக்கம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் சோதனைக்கூடத்தில் ஏப்ரலிலிருந்து அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது. பட்டம் இல்லையென்றால் அந்த வேலையும் இல்லை. இது ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும், சோத்னோமுக்கும் தெரியும்.

எட்டாவது கன்று புயலடித்த ஒரு காலையில் பிறந்தது. பெற்றது அந்த உதைக்கிற மாடு.

அன்றைக்குக் காலைப் பணி சோத்னோமுடையது. விடுதியிலிருந்து கொட்டிலுக்கு வருவதற்குள் இமை முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே வந்து பார்த்தால் ஈற்று அறையில் வைக்கோல் மேல் கன்று கிடந்தது. அவன் உடனே குராமோச்சியைக் கூப்பிட்டான்.

"பொறந்தாச்சு!"

"இதோ கிளம்பிட்டேன். கார் பனியில பொதைஞ்சு கெடக்கு, தோண்டி எடுத்துட்டு வரணும். நீ தொடச்சு, கூண்டுக்கு மாத்திடு. பாட்டில் நான் வந்து கொடுக்கறேன். தாய்கிட்ட விட்டுடாதே."

"தெரியும்," என்றான் சோத்னோம். அந்தத் 'தெரியும்' அவன் காதுக்கே கொஞ்சம் அதிகமாய்ப் பட்டது.

துண்டால் கன்றைத் தேய்த்தான். காதுகள் சில்லிட்டிருந்தன. கன்று முன்கால்களை ஊன்றி எழுந்தது, பின்புறம் சரிந்தது, மறுபடி எழுந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் தாய் கழுத்தை நீட்டி, வயிற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில் கூப்பிட்டது. யாரையும் கிட்டே சேர்க்காத மாடு. அந்தக் குரலை அவன் அதனிடம் அதுவரை கேட்டதில்லை.

கன்று செத்துவிடுமோ என்று பயந்ததாகப் பிற்பாடு அவன் சொன்னான். அது உண்மையல்ல. கூண்டில் சூட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கன்று சாகாது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். அந்த நேரத்தில் அவன் நினைத்தது வேறு. இவர்களுக்கு மாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தான். விருந்தில் நிமிர்ந்து உட்கார்ந்த அது அவன் கையைப் பிடித்துத் தடுப்பின் தாழ்ப்பாளைத் திறந்தது.

கன்று மடியை முட்டியது. காம்பு தவறி விலாவை முட்டியது. சோத்னோம் ஒரு விரலால் அதன் வாயைத் திருப்பிவிட்டான். வால் ஆடத் தொடங்கியது. வாயோரம் நுரை கட்டியது. மாடு அசையாமல் நின்று, குனிந்து, கன்றின் முதுகை நக்கியது. சோத்னோம் தன்னையறியாமல் அந்த முனகலை எழுப்பிக்கொண்டிருந்தான். ஜப்பானுக்கு வந்த பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

வெளியே காரின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. கன்றை மடியிலிருந்து பிடுங்கினான். வாயைத் துடைத்தான். தூக்கிக்கொண்டு ஓடிக் கூண்டில் விட்டான்.

குராமோச்சி தலையெல்லாம் பனியாக வந்தாள். கையில் பாட்டில். "தாய்கிட்ட குடிக்கலியே?"

"இல்ல."

ஒரே ஒரு வார்த்தை. கேட்ட கேள்விக்குத் தடங்கல் இல்லாமல் வந்து விழுந்தது.

கன்று பாட்டிலைச் சீந்தவில்லை. முகத்தை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது, கடைசியில் காலை மடக்கிப் படுத்துக் கண்ணை மூடியது.

"ஏன் குடிக்க மாட்டேங்குது?" என்றாள் குராமோச்சி, கன்றைப் பார்த்து.

"களைப்பா இருக்கும்."

கன்றின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். சற்று நேரம் எடுக்காமல் வைத்திருந்தாள். பிறகு பொறுமையாக, ரப்பர் காம்பை அதன் நாக்கில் தேய்த்துத் தேய்த்து, அளந்த பாலைக் குடிக்கவைத்து முடித்தாள்.

அடுத்த நாள் கறவையின்போது அந்த மாட்டின் இரண்டு காம்புகளில் தோல் வெடித்திருந்தது. குராமோச்சி கீழே உட்கார்ந்து களிம்பு தடவினாள். சோத்னோம் பக்கத்தில் நின்று வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் குளிர்ல காம்பு ஈரமா இருந்தா இப்படித்தான் வெடிச்சிடும்," என்றாள் அவள் மாட்டிடம்.

"ஆமா, ரொம்பக் குளிர்," என்றான் அவன்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஏழு கன்றுகள் ஒரு மாதிரி, எட்டாவது வேறு மாதிரி. சத்து எக்கச்சக்கமாய் ஏறியிருந்தது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியர் வரைபடத்தில் தனியே தொங்கிய அந்தப் புள்ளியைப் பேனாவால் தட்டினார்.

"இது என்ன? பாட்டில் மாறிப்போச்சா?"

குராமோச்சி எழுந்தாள். "என் மேற்பார்வை போதல. மன்னிக்கணும்." இடுப்பிலிருந்து குனிந்தாள். கழுத்தின் பின்னால் ஸ்வெட்டரின் துணிச்சீட்டு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது.

"மன்னிப்பு இருக்கட்டும். இதுல மாறியிருந்தா மத்த ஏழுலயும் மாறலன்னு எப்படி நம்பறது? மொத்தமும் கேள்விக்குறியாயிடுமே."

"ரெண்டு வாரம் அவகாசம் குடுங்க. பாட்டில்கள எல்லாம் ஒண்ணொண்ணா சரிபார்த்துச் சொல்றேன்."

மேசையின் கடைசியில் சோத்னோம் உட்கார்ந்திருந்தான். அவள் தன்னையே சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தான். எந்தப் பாட்டில், எந்தக் கன்று என்று தலையை உடைத்துக்கொள்ளப்போகிறாள். இவன் வாயைத் திறந்தால் அந்தப் புள்ளி மட்டும் போகும், மீதி ஏழும் நிற்கும். மார்ச், ஏப்ரல், நெமுரோ எல்லாம் நிற்கும். திறக்கவில்லை. வருடா வருடம் உதவித்தொகை நீட்டிப்புக்குப் பரிந்துரைப்பவர் இதே பேராசிரியர். 'இவன்கிட்டதான் நாம கத்துக்கணும்' என்று சொன்னவரும் இவரே. இரண்டில் எதை இழக்கப் பயந்தான் என்று கேட்டால், இரண்டாவதைத்தான்.

அந்த இரண்டு வாரமும் குராமோச்சி அவனிடம் முன்பைவிட அதிகமாகப் பேசினாள். அதுவே அவனுக்கு வேதனையாக இருந்தது. கொட்டில் வாசல் இயந்திரத்திலிருந்து சூடான காபிக் குப்பி இரண்டு வாங்கி வருவாள். ஒன்றை அவன் கையில் திணித்துவிட்டு, கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்காருவாள்.

"வேற ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"தூக்கம் வருதா?"

"வருது."

"அன்னிக்குப் புயல்ல நான் வர ரொம்ப லேட்டாயிடுச்சு. உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்."

"இல்ல இல்ல, பரவாயில்ல."

அவள் காபியைக் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். காலியான பிறகும் கொஞ்சம் உட்கார்ந்திருப்பாள். அவன் வெப்பநிலை பற்றிப் பேசுவான்.

எட்டாவது கன்றோ மற்ற ஏழைவிடக் கொழுகொழுவென்று வளர்ந்தது. அவன் குரல் கேட்டால் கூண்டுக் கம்பிக்கு ஓடிவந்து அவன் முழங்கையை நக்கும். அந்தப் பக்கம் போவதையே அவன் குறைத்துக்கொண்டான்.

இரண்டாம் வார இறுதியில் ஓயுனா அக்காவின் அறைக்குப் போனான். மங்கோலியாவிலிருந்து வந்து அதே விடுதியில் பத்து வருடமாக இருக்கிறவள், உணவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டத்தை முடிப்பேனா என்கிறவள். ஊர்ப் புத்தாண்டு நெருங்கியதால் தரையில் துணி விரித்துக் கறிக்கொழுக்கட்டைக்கு மாவு மடித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கை நிற்கவில்லை.

"குராமோச்சிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. திங்கக்கிழமை கூட்டத்துல சொல்லப்போறேன். எல்லார் முன்னாடியும்."

"எல்லார் முன்னாடியும் எதுக்கு? தேர்தல்ல நிக்கறியா?"

"அவங்க எல்லார் முன்னாடியும் குனிஞ்சாங்க. எல்லார் முன்னாடியும்தானே நிமித்தணும்?"

"தம்பி, மொதல்ல அவகிட்டப் போ. இப்பவே போ. இங்க ஒரு தப்புகூட ஏணி வெச்சுத்தான் மேல ஏறும். நீ குதிக்காதே."

"எங்கப்பாவா இருந்தா ஊர்க் கூட்டத்துலயே எழுந்து நின்னு சொல்லியிருப்பார்."

"உங்கப்பா இங்க மாடு மேய்க்கலியே," என்றாள் ஓயுனா அக்கா. இரண்டு கொழுக்கட்டையைத் தட்டில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். "தின்னுட்டுப் போ. தின்னுட்டு அவகிட்டப் போ."

தின்றான். போகவில்லை. அறைக்கு வந்து ஜப்பானிய மொழியில் உரையைத் தயார் செய்தான். கண்ணாடிக்கு முன் நின்று சொல்லிப் பார்த்தான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குனிய வேண்டும் என்று பார்த்தான். முடிவில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். குராமோச்சி தலையை நிமிர்த்துவாள். யாரோ ஒருவர், இகராஷியாகத்தான் இருக்கும், மெதுவாய்க் கைதட்டக்கூடும். கண்ணாடியில் தெரிந்த முகம் அவனுக்கே பிடித்திருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் குராமோச்சி பேச எழுவதற்கு முன் அவன் எழுந்தான்.

"பாட்டில் மாறல. நான்தான் கன்னுக்குட்டிய தாய்கிட்ட விட்டேன். குராமோச்சி சான் கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பெல்லாம் என்னோடது."

குனிந்தான். ஒத்திகை பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தான். நிமிர்ந்தபோது யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியா," என்றார் பேராசிரியர். அவ்வளவுதான். அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. "குராமோச்சி சான், உனக்கு இது தெரியுமா?"

அவள் எழுந்து நின்றாள்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிக்குக் காலையிலேர்ந்தே."

இகராஷியின் பேனா மூடி மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"பாட்டில்கள சரிபார்க்கணும்னு எங்கிட்ட அவகாசம் கேட்டியே."

"கேட்டேன். அது உண்மையில்ல. மன்னிக்கணும்."

இந்தத் தடவை அவள் குனிந்தது முதல் தடவையைப்போல் இல்லை. தலை மேசை விளிம்புக்கும் கீழே போனது. நிமிர வெகு நேரமாயிற்று. அப்போதுதான் சோத்னோமுக்கு உறைத்தது. அவள் பாட்டிலை எண்ணவில்லை. அவனுக்காகக் காத்திருந்தாள். அந்த இரண்டு வாரமும் அவள் அவனுக்காகக் கேட்டு வாங்கியது. காபி, கவிழ்த்த வாளி, காம்பில் தடவிய களிம்பு, எல்லாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதுதான். அவன் அந்தக் கதவால் வரவில்லை. கூரையைப் பிய்த்துக்கொண்டு நடுக்கூடத்தில் குதித்திருக்கிறான், விழுந்தது அவள் தலையில்.

பேராசிரியர் சத்தம் போடவில்லை. எட்டாவதை நீக்கிவிட்டு, நீக்கியதற்கான காரணத்தை நடந்தது நடந்தபடி ஆய்வேட்டில் எழுதச் சொன்னார். ஏழு நிற்கும். பிப்ரவரி நடுவில் இன்னொரு மாடு ஈனும், அதைச் சேர்த்தால் எட்டு. ஆய்வேடு தப்பித்தது. பிறகு கூட்டத்தைக் கலைக்கிற குரலில் ஒன்று சொன்னார்:

"இனிமே கன்னு பொறக்கறப்ப இகராஷியும் கூட இருக்கட்டும். பார்த்துட்டு எங்கிட்ட வந்து சொல்லட்டும்."

இளநிலை மாணவன் ஒருவன், முதுகலை முடிக்கப்போகிறவளுக்குக் காவல். இகராஷியின் காது மடல் சிவந்துபோனது. குராமோச்சி, "சரி," என்றாள்.

செருப்பு அலமாரியருகில் அவளைப் பிடித்தான் சோத்னோம். அவள் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"குராமோச்சி சான்…"

"தனியா எங்கிட்ட சொல்லியிருந்தா நாம ரெண்டு பேருமா சென்செய் ரூமுக்குப் போயிருப்போம்," என்றாள் பூட்ஸைப் பார்த்து. "கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் குனிஞ்சிருப்போம். திட்டியிருப்பார். அதோட முடிஞ்சிருக்கும்."

"உங்களக் காப்பாத்தணும்னுதான்…"

"என்னையா?" முதல் தடவையாக அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. புரியாத எதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். "சோத்னோம் சான், நீங்க ரொம்ப நல்லாப் பேசினீங்க. ஒரு எடத்துலயும் தடுமாறல. சொல்லிப் பார்த்தீங்களா?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பார்த்தேன்," என்றான்.

அவள் தலையசைத்தாள். பூட்ஸின் மறு காலையும் மாட்டிக்கொண்டு போனாள். இளையவனை உரிமையோடு கூப்பிடுகிற 'குன்' போய், யாருக்கும் பொதுவான மரியாதைச் 'சான்' வந்தது அன்றுதான். 'நீ'யும் அன்றோடு போய் 'நீங்க' ஆயிற்று. பணிமுறை, தீவனம், மருந்து என்று வேலைக்கு வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள், மரியாதையாகச் சொல்வாள். காபி இயந்திரத்தில் ஒரு குப்பி விழும் சத்தம் கேட்கும். இன்னொன்று விழாது.

திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். ஊருக்கு அனுப்பியிருந்தாலும் தாங்கியிருப்பான். யாரும் எதுவும் செய்யவில்லை. பொய் சொன்ன அந்த ஒற்றை 'இல்ல'வைக்கூட அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. கண்ணாடி முன் நின்று பார்த்த அந்த முகத்தைத்தான் நினைக்க முடியவில்லை. பல் துலக்கும்போது குனிந்தபடியே துலக்கப் பழகினான்.

"கன்னெல்லாம் நல்லா இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"நல்லா இருக்கும்மா."

"நீ?"

"நல்லா இருக்கேன்."

பிப்ரவரி நடுவில், காற்றே இல்லாத ஒரு காலையில், இன்னொரு மாட்டுக்கு நீர்க்குடம் தெரிந்தது. சோத்னோம் முதலில் குராமோச்சியைக் கூப்பிட்டான். கையைக்கூட வைக்காமல், தடுப்புக்கு வெளியே நின்றான். அவள் வந்தாள். பின்னாலேயே இகராஷி, தூக்கம் கலையாத முகத்தோடு. செங்கிஸ்கான் என்றோ பேரன் என்றோ அவன் எதுவும் சொல்லவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு சொல்வதே இல்லை.

மூவர் கண்ணெதிரிலும் கன்று பிறந்தது. குராமோச்சியும் இகராஷியும் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். தாயின் பக்கம் அது தலையைத் திருப்பக்கூட நேரம் இருக்கவில்லை. சோத்னோம் கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றான்.

கன்று பாட்டிலை முட்டி முட்டிக் குடித்துத் தீர்த்தது. இனி ஆய்வேட்டில் எட்டு என்று எழுதலாம். நெமுரோவுக்குப் போகலாம். குராமோச்சி காலிப் பாட்டிலோடு ஈற்று அறைக்குத் திரும்பி வந்தாள். இகராஷியும் வந்தான்.

"சோத்னோம் சான், விளக்கக் கொஞ்சம் இப்படிப் பிடிக்கிறீங்களா?"

பிடித்தான். அவள் மாட்டின் பக்கத்தில் குந்தினாள். வெடித்த விரல்களின் பின்புறத்தால் முதல் காம்பைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. இரண்டாவதைத் தொட்டாள். கன்று அந்த மடிக்குப் பக்கத்திலேயே போகவில்லை என்று அவளுக்குத் தெரியும், அவள்தானே தூக்கிக்கொண்டு போனாள். இருந்தாலும் தொட்டுப் பார்த்தாள். இகராஷி சுவரில் எழுதியிருந்த விதிகளைப் படிக்க ஆரம்பித்தான். மூன்றாவது. நான்காவது.

"காஞ்சிருக்கு," என்றாள், யாரிடமும் இல்லாமல். எழுந்துகொண்டாள். "விளக்கு பிடிச்சதுக்கு நன்றி."

மாடு கழுத்தை நீட்டிக் கூப்பிடத் தொடங்கியது. கூண்டுகளின் பக்கமிருந்து கன்று சின்னதாய் ஒரு பதில் கொடுத்தது. சோத்னோமின் அடித்தொண்டை வரைக்கும் அந்த முனகல் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அணைக்கச் சொல்லும்வரை விளக்கைப் பிடித்தபடியே நின்றான்.